ஐம்பது வாத்துக்கு ஒரு சிலிங்

எண்ணத் தொடங்குமுன் கிளறன்ஸ் பெர்னாண்டோ ஒரு பெப்பர்மின்ற் மிட்டாயை வாயில் போட்டு உதடு இரண்டையும் இறுக மூடிக்கொள்வார். அதன்பின் யார் வந்து என்ன கேட்டாலும் பதில் கிடையாது. வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள கற்களில் நின்று அவர் ஆலாப் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆள் யாரென்று தெரியாமல் நான் போய் நேரம் கேட்டேன். மனிதர் திரும்பியும் பார்க்கவில்லை. காது கேளாதவர் போலும் என்று நினைத்து நானும் கடலைப் பார்த்தபடி நின்றேன். மிட்டாய் கரைந்து முடிந்ததும் திரும்பி, "இப்ப ஆறு இருபத்தஞ்சு. நீங்க கேக்கேக்க ஆறு பத்து," என்றார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது.

வயது அறுபத்துநாலு. கொட்டாஞ்சேனையில், சென் லூசியாஸ் கோயிலின் பெரிய கூரை தெரிகிற ஒழுங்கை ஒன்றில் மேல்மாடி வீடு. கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. அதன் பையில் இரண்டு பென்சில்கள், இரண்டும் இரு முனையும் சீவியவை. எதற்கு என்று கேட்டால், "ஒரு பக்கம் முறிஞ்சா கப்பல் காத்துக்கொண்டு நிக்காது மேன்," என்பார். இப்போது அவருக்காக எந்தக் கப்பலும் நிற்கவில்லை. ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் அவர் ரலி கிளாக், இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூடைகளை வலையில் கட்டிப் பாரந்தூக்கி இறக்கும்; அப்படி ஒருமுறை இறங்கும் கட்டுக்குச் சிலிங் என்று பெயர். ஒரு கிளாக் சிலிங்கைப் பார்த்து உரத்துச் சொல்வார், இன்னொருவர் பார்க்காமலே கோடு கிழிப்பார். முதலாவதை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். "லாபம், ரெண்டு, மூணு, நாலு, ரலி!" ஐந்துக்குப் பதிலாக ரலி. அந்தச் சொல் கேட்டதும் நிற்கும் நாலு கோட்டுக்கும் குறுக்கே ஐந்தாவது கோடு விழும். சொல்பவர் கண்ணை எடுக்கக் கூடாது, குறிப்பவர் காதை எடுக்கக் கூடாது. கிளறன்ஸ் சொல்பவர். அவருடைய கணக்கில் முப்பத்தொரு வருடத்தில் ஒரு மூடை குறைந்ததில்லை என்று அவரே சொல்வார். நான் வேறு இரண்டு பேரிடமும் விசாரித்தேன், உண்மைதான்.

எண்ணாமல் இருக்க அந்த மனிதரால் முடியாது. கோயிலில் நற்கருணைக்குப் போகும் வரிசையை எண்ணுவார். ஒழுங்கையில் மீன்காரன் பெட்டியைத் திறந்தால் மீனை எண்ணுவார். அவருடைய மனைவி யோசெப்பின் இதை எனக்குச் சொல்லி முறையிட்டார். "எங்கட கலியாணத்திலயும் சனத்தைத்தான் எண்ணிக்கொண்டு நிண்டவர். ஃபாதர் கேள்வி கேக்கிறார், இவர் 'இருநூத்திப் பத்து' எண்டு மறுமொழி சொல்றார். நான் பக்கத்தில கலியாணப் பொம்பிளையாய் நிக்கிறன்!" கிளறன்ஸ் அதை மறுக்கவில்லை. இருநூற்றுப் பதினொன்று என்று மட்டும் திருத்தினார்.

அவர் பறவைக்கு வந்தது ஒரு வேலைநிறுத்தத்தால். இருபத்தொரு நாள் துறைமுகத்தில் ஒரு மூடை அசையவில்லை. எண்ண வேறொன்றும் இல்லை. பாரந்தூக்கிகளின் மேல் வந்து உட்காரும் பறவைகளை எண்ணினார். பிறகு அவற்றின் பெயர் தெரியவேண்டியிருந்தது. பெயர் தெரிந்தபின் அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரியவேண்டியிருந்தது. கடைசியில், தைமாதந்தோறும் குளங்களில் நீர்ப்பறவை எண்ணும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவில் போய்ச் சேர்ந்தார். அவர்கள் அவருக்கு ஒரு குளத்தை ஒப்படைத்தார்கள். பதினொரு வருடமாக அது கிளறன்ஸின் குளம்.

குளத்தின் பெயரை நான் எழுதக் கூடாது என்பது அவருடைய கட்டளை. எழுதினால் வாத்துச் சுடுகிறவர்கள் வந்துவிடுவார்களாம். சிலாபத்திலிருந்து உள்ளே போகவேண்டும், தென்னந்தோட்டம், நடுவில் ஓடு போட்ட ஒரு பழைய வாடிவீடு என்பதோடு விடுகிறேன். கொழும்புக்காரர்கள் விடுமுறைக்கு வந்து தங்கும் இடம். யுத்தம் வந்தபின் வருவோர் குறைவு. அதன் காவற்காரர் சோமபால. அதே ஊரவர், வயல் செய்கிறவர், பெரிய கறுப்புக் குடை ஒன்று இல்லாமல் படலையைத் தாண்டாதவர். அவருடைய மூத்த மகன் ராணுவத்தில், வவுனியாவுக்கு அப்பால் எங்கோ இருக்கிறான்.

கிளறன்ஸின் பைனகுலர் கொழும்பில் இல்லை. தடைமுகாம்களில் அதை வைத்துக்கொண்டு யார் விளக்கம் சொல்வது? அது வருடம் முழுதும் வாடிவீட்டு அலுமாரியில், சோமபாலவின் பழைய சாரத்துண்டில் சுற்றியபடி கிடக்கும். மாதத்துக்கு ஒருமுறை சோமபால அதை வெளியே எடுத்துத் துடைத்து வைப்பார். தைமாதம் இவர் போனதும் இரண்டு கையாலும் நீட்டுவார். எண்ணும்போது பக்கத்தில் நின்று, வெயில் கண்ணில் அடிக்காமல் குடை பிடிப்பார். பதினொரு வருடமாக அவருக்கு இவர் 'பெர்னாண்டோ மஹத்தயா', பெர்னாண்டோ ஐயா. சிலாபத்துப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு சிங்களப் பெர்னாண்டோ. இவருடைய சிங்களமும் அப்பழுக்கில்லாத சிங்களம். இவர் தமிழர் என்று நினைக்க அவருக்கு வழியே இல்லை. "நான் பொய் சொன்னதில்ல மேன். அவர் கேக்கவுமில்ல," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

பெப்பர்மின்றின் சூட்சுமம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிங்களத்தில் சண்டை பிடிப்பார், விலை பேசுவார், பகிடி விடுவார். எண்ணுவது மட்டும் தமிழில். முப்பத்தொரு வருடம் நாக்கில் ஏறியது அப்படி. தன்னை அறியாமல் உதடு அசைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் மிட்டாய். வாய்க்குள்ளே எண்ணி, ஐந்துக்கொருமுறை குனிந்து கோடு கிழித்து, நிமிர்ந்து, விட்ட இடத்தைப் பிடித்துவிடுவார். கண் நன்றாக இருந்தவரை அது நடந்தது.

போன வருடம் நடக்கவில்லை. கண்ணில் வெண்படலம். குனிந்து நிமிர்ந்தால் விட்ட இடம் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சோமபாலவிடம் பென்சிலைக் கொடுத்து, வாய்விட்டுச் சிங்களத்தில் எண்ணியிருக்கிறார். நாக்கு சரியாகத்தான் சொன்னதாம், கண்தான் கூட வரவில்லையாம். மூவாயிரத்து நூற்றைம்பது வாத்து என்று எழுதிக் கொடுத்தார். அக்கரையில் நின்று அதே கூட்டத்தை எண்ணிய கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர், குழுவுக்குத் தலைவி, நாலாயிரத்து அறுநூறு என்றார். ரீச்சர் கோபிக்கவில்லை. "வயசு போகுதுதானே கிளறன்ஸ். வாற வருஷமும் இப்பிடியெண்டா குளத்தை வேற ஆரிட்டயும் குடுப்பம்," என்று ஆறுதலாகத்தான் சொன்னார். கிளறன்ஸ் ஒரு கிழமை சாப்பாட்டில் கை வைக்கவில்லை என்று யோசெப்பின் சொன்னார்.

கண் சத்திரசிகிச்சைக்கு மாசியில் நாள் கிடைத்திருந்தது. வாத்து எண்ணுவது தையில். மார்கழி முடிவில் ஒரு நாள் நான் வேலை செய்யும் அச்சகத்துக்கு வந்தார். நான் அங்கே புரூஃப் பார்க்கிறவன்.

"ஸ்கந்தா, நீங்க புரூஃப் பாக்கேக்க ஒராள் வாசிக்க நீங்க குறிப்பீங்கதானே?"

"ஓம் அண்ணை."

"அப்ப காது பழகியிருக்கும். என்னோட குளத்துக்கு வாங்க. நான் சொல்றன், நீங்க கோடு போடுங்க."

"என்ன பாஷையில?" என்று கேட்டேன்.

"எனக்கு எண்ணத் தெரிஞ்ச பாஷை ஒண்டுதானே இருக்கு," என்றார்.

எனக்குப் பறவை பிடிக்காது. கொசுவும் அட்டையும் அதைவிடப் பிடிக்காது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று எழுதியிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் பக்கத்திலுள்ள பாமன்கடைப் பாலத்தைத் தாண்டுவதற்கே இரண்டு தரம் யோசிக்கிறவன். இருந்தும் ஓமென்றேன். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

சிலாபம் பஸ்ஸில் ஏறுமுன் எனக்கு ஒரு புத்திமதி கிடைத்தது. "பஸ்ஸில அண்ணை கிண்ணை எண்டு கூப்பிட்டுடாதீங்க மேன். சிங்களத்தில அய்யே எண்டு சொல்லுங்க. ஒண்டும் சொல்லாட்டி இன்னும் நல்லம்." நான் ஒன்றும் சொல்லாமலே இருந்தேன். நீர்கொழும்புக்கு இப்பால் ஒரு தடைமுகாமில் பஸ்ஸை மறித்தார்கள். கிளறன்ஸின் அட்டையைச் சிப்பாய் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். என்னுடையதைப் பார்த்தான், இறங்கச் சொன்னான். முக்கால் மணித்தியாலம் வெயிலில் வரிசை. மீண்டும் ஏறியபோது கிளறன்ஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, உதடு அசையாமல், "ஐம்பத்திரண்டு பேர். பதினொரு பேரை இறக்கினாங்க," என்றார்.

ஊரில் இறங்கி வரம்பில் நடக்கும்போதுதான் மீண்டும் பேசினார். "பன்னிரண்டு பேர் இறங்கியிருக்கோணும்." பன்னிரண்டாவது அவர். அவர் இறங்கியிருந்தால் அவரையும் வெயிலில் நிறுத்தியிருப்பார்களே தவிர என்னை விட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், வரிசையில் நின்றபோது ஒரு கணம் அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

வாடிவீடு அழகான இடம்தான், மறுக்கவில்லை. பின்னேரம் முற்றத்தில் மயில்கள் மேய்ந்தன. கிணற்றடியில் ஒரு உடும்பு சொந்தக்காரனைப்போல ஆறுதலாக நடந்து போனது. கூரைக்குள் மரநாய் குடியிருப்பதாகக் கிளறன்ஸ் பெருமையாகச் சொன்னார். அதன் மணம் முதலே எனக்கு எட்டியிருந்தது. குளத்துப் பக்கமிருந்து சீட்டியடிப்பதுபோல் ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது. ஊசிவால் வாத்து, சைபீரியாவிலிருந்து வருகிறது என்றார். "அப்ப யாழ்ப்பாணத்துக்கு மேலாலதான் வந்திருக்கும். பாஸும் இல்லை, செக்கிங்கும் இல்லை," என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எழுதுற ஆக்கள் எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. வாத்துக்கு அதெல்லாம் தெரியாது மேன். அது பசிக்கு வருது."

தங்க வருகிறவர்களின் அட்டைகளைப் பொலிசில் காட்டிப் பதிய வேண்டும். கிளறன்ஸின் அட்டையைச் சோமபால ஒருநாளும் கேட்டதில்லை. என்னுடையதை வாங்கிப் பார்த்தவர் அதை இரண்டு தரம் வாசித்தார். சைக்கிளில் போய்ப் பதிந்துகொண்டு வந்து மேசையில் வைத்தார். சோறு வழமைபோல வந்தது. குளத்து மீன்குழம்பும் வந்தது. ஆனால் எப்போதும் வந்து படியில் குந்தியிருந்து ஊர்க்கதை பேசுகிறவராம், அன்று வரவில்லை. கிளறன்ஸ் எழுந்து குசினிக்குப் போனார். என்னைப்பற்றி மஹத்தயாவின் சிநேகிதரா என்று சோமபால கேட்பதும், ஓம் என்று இவர் சொல்வதும் எனக்குக் கேட்டது. தானும் தமிழன்தான் என்று அதற்குமேல் ஒரு சொல் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லாமல் திரும்பி வந்து, இரண்டு பென்சிலையும் மறுபடி சீவினார்.

மறுநாள் காலை வந்த கணக்கை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரின் கணக்குக்கும் இவருடையதுக்கும் ஒரே ஒரு சிலிங் வித்தியாசம், ஐம்பது வாத்து. அந்த ஒன்றும் தன்னுடைய பிழையாகத்தான் இருக்கும் என்று ரீச்சரே சொன்னார். குளம் கிளறன்ஸிடமே இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல.

ஆறரை மணிக்குக் குளக்கட்டில் ஏறினோம். மதகடியில், யுத்தத்துக்காக அரசு ஆயுதம் கொடுத்த ஊர்காவலர் இரண்டு பேர் மடியில் துவக்கை வைத்துக்கொண்டு பீடி குடித்தபடி இருந்தார்கள். சோமபாலவைக் கண்டு தலையாட்டினார்கள். தண்ணீரின் அக்கரை ஓரமெல்லாம் வாத்து, பாய் விரித்ததுபோல. கிழக்கே சூரியன் நேராக முகத்தில் அடித்தது. சோமபால குடையை விரித்துக் கிளறன்ஸின் நெற்றிக்கு நேரே பிடித்தார். கடல்பருந்து ஒன்று பட்டமரத்தில் இருந்தது. அது கிளம்பினால் முழுக் கூட்டமும் எழும்பிவிடும், பிறகு அன்று எண்ண முடியாது. தொடங்கினால் நிற்க வழியில்லை.

கிளறன்ஸ் பையிலிருந்து பெப்பர்மின்ற் பக்கெட்டை எடுத்தார். அதைக் கொஞ்சநேரம் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் பைனகுலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"லாபம்," என்றார்.

துறைமுகத்துக் குரல், துறைமுகத்துத் தமிழ். பாரந்தூக்கியின் இரைச்சலுக்கு மேலே கேட்கப் பழகிய குரல். ஐம்பது வாத்துக்கு ஒரு சிலிங்; ஒரு சிலிங்குக்கு ஒரு கோடு. "ரெண்டு. மூணு. நாலு. ரலி!" நான் குறுக்குக் கோட்டைப் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது குடை அவருடைய முகத்துக்கு நேரே இல்லை. சோமபால அதைத் தாழ்த்தி, பிடி கையில் இருக்க, கிளறன்ஸின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையைச் சுருக்கினார். திரும்பி மதகடிப் பக்கம் நடந்தார்.

ஊர்காவலர் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவன் யாரடா அது, என்ன சொல்கிறான் என்று சிங்களத்தில் கத்தினான். எனக்குப் பயம் பிடித்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. வாங்க போவம் என்று கிளறன்ஸின் கையைப் பிடித்து இழுக்க நினைத்தேன். அவர் "பதினொண்டு" என்றார். கோடு போட்டேன். "பன்னிரண்டு" என்றார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே அவருக்குத் தெரியும், நிழல் போய்விட்டதே. வெயில் நேராக அந்தப் படலம் விழுந்த கண்ணில் அடித்தது. கண்ணீர் பைனகுலருக்குக் கீழே வழிந்து சேட்டுக் கழுத்துக்குள் இறங்கியது. குரல் மட்டும் இறங்கவில்லை. பதினொரு வருடத்துச் சிநேகிதம் குளக்கட்டில் நடந்து போய்க்கொண்டிருக்கிறது, இந்த மனிதர் வாத்து எண்ணிக்கொண்டு நிற்கிறார். அவருடைய இடத்தில் நானென்றால் பின்னால் ஓடியிருப்பேன், ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவருக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. சரியாக எண்ணத்தான் தெரியும்.

மதகடியில் மூன்று பேரும் பேசினார்கள். ஒருவன் எங்கள் பக்கம் கையை நீட்டி நீட்டிக் கேட்டான். சோமபால ஏதோ சொன்னார். பிறகு சோமபால மீண்டும் ஏதோ சொன்னார், இம்முறை நீளமாக. அவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளறன்ஸும் அதை ஒருநாளும் விசாரிக்கவில்லை. முதலில் கத்தியவன் துவக்கை மடியில் போட்டுக்கொண்டு மறுபடி குந்தினான். மற்றவன் நின்றபடியே இருந்தான்.

"அம்பத்தெட்டு. அம்பத்தொம்பது. ரலி!"

குறுக்குக் கோட்டைப் போட்டு நிமிரும்போது குளக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. குடை விரியும் சத்தமும் கேட்டது. கிளறன்ஸின் முகத்தில் நிழல் விழுந்தது. சோமபால திரும்பி வந்திருந்தார். நீட்டிய கையில் குடை, அவருடைய தலையும் தோளும் வெயிலில். கிளறன்ஸ் கண்ணிலிருந்து பைனகுலரை எடுக்கவில்லை. "அறுபத்தொண்டு," என்று சொல்லிக்கொண்டே அரை அடி இடப்பக்கம் தள்ளி நின்று, பின்னால் நிற்பவருக்கும் குடைக்குள் இடம் விட்டார்.